கல்யாண மாலை போகும் தண்ணீர்

கொல்லிமலைப் பயணத்துக்கு என் பெயரைக் கொடுக்கவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். மூட்டு வலி என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை என்று தெரியும். தினமும் காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கும் நம் கூட்டத்தில் எனக்குத்தான் முட்டி இன்னும் ஒழுங்காக இருக்கிறது. மற்றவர்களில் பாதிப் பேர் நடப்பதே நடந்து முடித்தபின் கிடைக்கும் காபிக்காகத்தான்.

பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற நம் தோழி, வேன் கீன் எதுவும் கூடாது, பஸ்ஸில் போய் இறங்கி நடக்கக்கூடிய இடங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அவள் சொன்ன வீராணம் ஏரிக்கரைக்கு வந்தேன். உங்கள் எல்லாருக்கும் முன்னால் நடந்தேன். ஏற்காட்டு ஏரிக்கும் வருவேன். ஆனால் ஆடி மாதம், கொல்லிமலை அடிவாரம், ஓடையை ஒட்டி நடை என்று அவள் குழுவில் போட்டதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் பாதையில் நான் ஏற்கெனவே நடந்திருக்கிறேன். பத்து வயதில், இதே ஆடியில், இதே மாதிரி பஸ் மாறி மாறிப் போய்.

நீங்களும் ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர்கள்தான். பல விஷயங்களை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் முழிக்கக் கூடாது என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அது காவிரி வராத வருஷம். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆறு பிரிந்து, அது வாய்க்காலாகப் பிரிந்து, அந்த வாய்க்காலும் பிரிந்து கடைசியாகத் தண்ணீர் வந்து சேரும் இடம். மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னாலும் எங்களுக்கு அது வந்து சேர நாளாகும். வருகிற அன்று ஊரே போய் வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி நிற்கும். முதலில் நுரை தெரியும். நுரைமேல் சருகும் முள்ளும் எறும்பும் வரும். பின்னாலேயே செங்காவி நிறத்தில் தண்ணீர் வரும். வெயிலில் காய்ந்த மணல் அதை ஒவ்வொரு அடியாகக் குடித்துவிட்டுத்தான் அடுத்த அடிக்கு விடும். நெல்லையும் பூவையும் அதன்மேல் போட்டுவிட்டு, பிள்ளைகள் நாங்கள் அதற்கு முகம் காட்டியபடி பின்னோக்கி நடந்தே ஊருக்குள் அழைத்து வருவோம். அவ்வளவு மெதுவாக வரும். எவ்வளவு கலங்கி வருகிறதோ அவ்வளவு வண்டல், அவ்வளவு விளைச்சல் என்பார்கள். தெளிந்த தண்ணீரைக் கண்டால்தான் எங்கள் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

அதில் எல்லாம் என் அப்பாதான் முதலில் இறங்குவார். தண்ணீர் விஷயத்தில் தெருவே அவரைத்தான் கேட்கும். மதகில் குனிந்து, வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, இது இன்ன இடத்து மண், இது நாளைக்கு ஏறும், இது இறங்கும் என்று சொல்லுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் கொஞ்சம் கர்வமும் உண்டு. சாம்பாரில் தண்ணீர் அதிகம் என்று சொல்வதைக்கூட ஏதோ ஆற்றைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்லுவார்.

அந்த வருஷம் ஆனியும் போய் ஆடி பிறந்தும் ஆற்றில் மணல்தான் இருந்தது. குறுவை போடவில்லை. ஆண்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்ததால் பெண்களுக்கு வேலை இரட்டிப்பானது. அந்த ஆடியில்தான் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. அப்பாதான் முன்னால் நின்று அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். திருவிடைமருதூர்ப் பக்கத்து மாப்பிள்ளை, விவசாயக் குடும்பம். கல்யாணம் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஆடியில் சேர்ந்திருக்கக் கூடாது என்று பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவிடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்படி அழைத்துவந்த பெண் அவள்.

ஆனால் சித்தப்பா அந்த வழக்கத்துக்கு ஒரு ஓட்டை கண்டுபிடித்திருந்தார். மாலையில் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்து வாசலில் காலை ஊன்றி நிற்பார். இறங்க மாட்டார். இறங்கினால்தானே வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு. அப்பாவைப் பார்த்து, "தண்ணி எதுவரைக்கும் வந்துருக்குங்கண்ணே?" என்று கேட்பார். மேட்டூரே திறக்கவில்லை என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அப்பாவும் ரொம்ப மரியாதையாக, இன்னும் திறக்கலீங்க மாப்ள என்று பதில் சொல்லுவார். அதற்குள் சித்தி ஒரு சொம்பு மோரோடு வந்துவிடுவாள். அந்த மோரைக் குடிக்க அவருக்கு ஆகும் நேரத்தில் ஒரு வயலுக்கே தண்ணீர் பாய்ச்சிவிடலாம். சித்தி சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். போனபின் வெகுநேரம் அவள் முகம் அப்படியே இருக்கும். எனக்கு அப்போது அது என்னவென்று புரியவில்லை. ஒரு பெண் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அதற்குப்பின் நான் அதிகம் பார்த்ததில்லை.

பதினெட்டாம் பெருக்கு நெருங்க நெருங்கக் கவலை வந்தது. கல்யாணத்தில் போட்டுக்கொண்ட மாலைகளைக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருந்து, முதல் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட வேண்டும். அவை தங்காமல் தடைபடாமல் ஓடிப்போக வேண்டும். சித்தியின் மாமியார் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார். பம்புசெட் தண்ணீரில் விடுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும், அது பெண் வீட்டார் பொறுப்பு என்று. அப்பாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. தகப்பன் இருந்தால் செய்திருப்பானே என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது அவருக்கு.

எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு கண்டக்டர்தான் வழி சொன்னார். கொல்லிமலை அடிவாரத்தில் ஆடியில் ஓடை ஓடும். மலைமேல் கோயிலுக்கு நடந்து ஏறுகிறவர்கள் அங்கே குளித்துவிட்டுத்தான் போவார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, துறையூர் என்று மாறினால் அங்கே கொண்டுபோய் விடுவதற்கு டவுன் பஸ் உண்டு என்றார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். சித்தி யோசிக்கவே இல்லை. மாவரைத்துக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் ஓடி வந்து, "மல காலடி வரைக்கும் பஸ்ஸே போவுதாமேடி" என்றாள்.

ஒரு ராத்திரி துறையூரில் சத்திரத்தில் தங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் சித்தப்பாவை அவர் அம்மா தடுத்துவிட்டார். ஆடி மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையடியில் படுப்பதாவது. இரண்டு மாலைகளையும் பெண்ணே விடட்டும் என்றுவிட்டார். தன் மாலையை ஒரு பழைய வேட்டியில் சுற்றிச் சித்தப்பாவே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு மட்டும் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

சித்தியிடம் பச்சையும் மஞ்சளுமாக அவளே பின்னிய ஒரு வயர் கூடை இருந்தது. அதில் இரண்டு மாலைகள், ஊறவைத்து வெல்லம் போட்ட காப்பரிசி, மஞ்சள் கயிறு, காதோலை, கருகமணி, ஒரு சீப்பு பழம். கூடையை யாரிடமும் தரவில்லை. பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாள். காய்ந்த ரோஜாவும் வெல்லமும் கலந்து ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகைபோல ஒரு மாதிரி இருக்கும். இப்போதும் கல்யாண வீடுகளில் மறுநாள் காலையில் அந்த வாசனை வந்தால் நான் வெளியே வந்து நின்றுகொள்வேன்.

திருச்சியில் பாலத்தின்மேல் பஸ் போனபோது கீழே காவிரி முழுக்க மணலாகக் கிடந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நெருங்கிய சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் கிடப்பதைப் பார்க்க மாட்டேன் என்பதுபோல இருந்தது அது.

துறையூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது; சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் டவுன் பஸ் வர நேரம் இருந்ததால் பக்கத்திலிருந்த ஏரிக்கரையில் நடந்தோம். கரை உயரமாக, வண்டி போகிற அகலத்துக்கு இருந்தது. ஒரு பக்கம் ஏரி. கோடையில் வற்றியது போக நடுவில் தண்ணீர் கிடந்தது. தண்ணீரைப் பார்த்து எத்தனை மாதமாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். அப்பா நேராக மதகுக்குப் போய்க் குனிந்து பார்த்து, இவர்களுக்கு மதகு கட்டத் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு மட்டும் ஏரிக்கு அந்தப்பக்கம் வானத்தில் கிடந்த நீலநிற மேகத்தின்மேல் கண்ணாக இருந்தது. அது நகரவே இல்லை. சித்தியிடம் காட்டினேன். அவளும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் ஊரில் வரப்பைவிட உயரமாக இருப்பது கோயில் கோபுரம் மட்டும்தான். மலை அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சித்தி கரையின் கடைசிவரை நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். திரும்பி வரும்போது, "ஒங்க சித்தப்பா மலையே பாத்ததில்லடி. தை அறுப்பு முடியட்டும், இதே பஸ்ஸுல கூட்டிட்டு வந்து இந்தக் கரையில நடக்க வைக்கிறேன்" என்றாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. புருஷனோடு ஒரு ஏரிக்கரையில் நடக்க வேண்டும் என்று கேட்டாள்.

அடிவாரத்தில் பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. அங்கிருந்து மரங்களுக்கு நடுவே, ஓடையை ஒட்டியே பாதை போயிற்று. உருண்டைக் கற்களும் வேர்களுமாக இருந்தது. வரப்பில் என்றால் நாங்கள் எவ்வளவு தூரமும் நடப்போம். ஏறுவது என்பது எங்கள் காலுக்குத் தெரியாது. அம்மா நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்றாள். கோயிலுக்கு ஏறுகிறவர்கள் கைத்தடியோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். மலையின் தலை தெரியவில்லை; மேலே கருத்திருந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு தூரத்தில் மேகம் கருத்தால் அது அடுத்த ஊர் மழை. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஓடை அகலமாக இருந்த ஓர் இடத்தில், நிறையப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கீழே நாங்கள் இடம் பிடித்தோம். கண்ணாடி மாதிரி தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. கால் வைத்தால் விறைத்துப்போகிற குளிர்ச்சி. பாறைமேல் இலை போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி வைத்துக் கும்பிட்டோம். அம்மா சித்தியின் கழுத்தில் புதுக் கயிற்றைக் கட்டினாள். கட்டும்போது இருவரும் அழுதார்கள். தாய் செய்ய வேண்டியதைத் தான் செய்கிறோம் என்று அம்மாவுக்கு இருந்திருக்கும்.

பிறகு சித்தி மாலைகளைத் தண்ணீரில் விட்டாள். ஒன்று சுற்றிச் சுற்றி நகர்ந்து, வளைவில் திரும்பிப் போய்விட்டது. இன்னொன்று கொஞ்ச தூரத்தில் இரண்டு கற்களுக்கு நடுவில் சிக்கி நின்றுகொண்டது. ஜரிகை அதிகம் வைத்துக் கட்டிய மாலை அது, சித்தப்பாவினுடையது. சித்தியின் முகம் மாறிவிட்டது. அம்மா ஏதோ சமாதானம் சொன்னாள். தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான் என்றார் அப்பா. பார்த்துக்கொண்டே நின்றோம். போகவில்லை. சித்தப்பாவுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த நேரத்தில் சித்தியின் மனதில் வேறு ஒன்றும் இருந்திருக்காது.

அம்மா என்னை மேலே பாறைக்கு அழைத்துப் போய் ஈரப் பாவாடையை மாற்றினாள். அப்போதுதான் கொஞ்சம் மேலே குளித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று சத்தம் போட்டுக்கொண்டு, துணியையும் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு கரையேறினார்கள். பார்த்தால் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. கூழாங்கல் தெரியவில்லை. சருகும் நுரையுமாகச் செங்காவி நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். மாதக்கணக்காகப் பார்க்காத முகம் அது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். கரையேறி ஓடுகிறவர்களைக் காட்டி, "புதுத்தண்ணியப் பாத்துப் பயப்படுற ஊர இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்தார். பிறகு சித்தியிடம், "பாரும்மா, ஒன் மாலைய எடுத்துட்டுப் போவத்தான் வருது. எறங்கித் தள்ளி விடு" என்றார்.

சித்தி சிரித்துக்கொண்டே இறங்கினாள். மிச்சமிருந்த பூவைப் புடவை முந்தியில் எடுத்துக்கொண்டாள். கலங்கல் தண்ணீரில் கையை விட்டு நனைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். குனிந்து மாலையை விடுவித்தாள். அது போயிற்று. போய்விட்டதைக் காட்டுவதற்காக எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப்பின் வந்தது தண்ணீர் என்று எனக்குத் தோன்றவில்லை. லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம். அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டதால் நான் அதிகம் பார்க்கவில்லை. அப்பா குதித்தார். அவரை ஒரு மரத்தின் வேர் தடுத்து நிறுத்தியது. அந்த ஊர்க்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். சித்தியைச் சாயங்காலம்தான், வெகு தூரம் கீழே கண்டெடுத்தார்கள். அவளை எப்படி ஊருக்குக் கொண்டுவந்தோம் என்பதை நான் எழுதப்போவதில்லை. என்னால் முடியாது.

வயர் கூடை பாறைமேலேயே இருந்தது. செருப்பும் இருந்தது. அம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் கூடைக்கு அடியில் பாதிக் காப்பரிசி. சாமிக்கு வைத்ததைக் குப்பையில் கொட்டவும் முடியாது; யாருக்கும் கொடுக்கவும் முடியாது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. அந்தக் கூடையும் பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதை யாராவது வைத்திருந்தால் இப்போதும் வாங்கிக்கொள்வேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஆடியில் வீட்டோடு இருக்க வேண்டிய பெண்ணுக்கு மலை பார்க்கிற ஆசை என்ன என்றார்கள். ஊர் சுற்றுகிற கால் என்றார்கள். ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும் என்று ஆளனுப்பிய மாமியார், நான் எங்கே மலைக்குப் போகச் சொன்னேன் என்று மார்பில் அடித்துக்கொண்டார். அம்மாகூட ஒரு கட்டத்தில் தங்கையைத்தான் திட்டினாள். பஸ் போகிறதென்று குதித்தாயே என்று அழுதாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. ஏரிக்கரையில் செருப்பில்லாமல் நடந்ததைத் தவிர அவள் என்ன தப்பு செய்தாள்?

அப்பா ஒருவர்தான் எழுந்து, எல்லாருக்கும் முன்னால், "நான்தான் எறங்கச் சொன்னேன்" என்றார். யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனசு, பழியைத் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறார் என்றார்கள். அவர் மறுபடி சொன்னார். உட்காருங்க என்று ஒருவர் தோளைப் பிடித்து அமுக்கினார். தண்ணீரைப் பற்றி அப்பா சொன்னதை ஊர் நம்பாமல் போனது அந்த ஒரு தரம்தான். சித்தப்பா சுவரில் சாய்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அதோடு வெளியூர் என்பது முடிந்தது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் நான் கேட்கவே மாட்டேன். ஒரு பெண் வழக்கப்படி எல்லாம் செய்ததால் செத்துப்போனாள். வழக்கத்தை மீறியதால் செத்தாள் என்று சொல்லி எங்களை வளர்த்தார்கள். அந்தப் பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்துபோயிருந்தார்கள். ஆனாலும் நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

உங்கள் பயணத்தைக் கெடுக்க இதை எழுதவில்லை. போய்வாருங்கள். அந்தப் பாதை அழகான பாதை. மரங்களுக்குள் வெயில் விழுவதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எல்லாரும் நம் பக்கத்துப் பெண்கள். தண்ணீர் கலங்கி வந்தால் உங்கள் கை தானாகக் கும்பிடும், கால் தானாக இறங்கும். இறங்காதீர்கள். கரையேறிவிட்டு அப்புறம் கும்பிடுங்கள்.

ஆவணி கடைசியில் மேட்டூர் திறந்தது. சம்பாவுக்காவது ஆயிற்று என்று ஊர் மூச்சு விட்டது. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருகிற நாளில் எல்லாரும் போய்விட்டார்கள். அப்பா போகவில்லை. கூடத்தில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். ஊர்க்காரர்கள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. துக்கத்துக்குப்பின் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தரம். ஆள் பாதியாகியிருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அவர் பின்னாலேயே நடந்தார். நானும் போனேன். அம்மா தடுக்கவில்லை.

வாய்க்கால் கரையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். சித்தப்பா முதலில் இறங்கினார். பிறகு கையை நீட்டி அப்பாவை இறக்கினார். என்னையும் இறக்கிவிட்டார். மூன்று பேரும் வெறும் மணலில் நின்றோம். நுரை வந்தது. சருகு வந்தது. செங்காவித் தண்ணீர் எங்கள் விரல்களுக்கு நடுவில் நுழைந்து மணலுக்குள் இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. சித்தப்பா அப்பாவின் கையை விடாமல், குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இவ்ளோதாண்ணே வரும்னு நெனச்சு நின்னுருப்பா."

அப்பா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். தண்ணீர் எங்கள் கணுக்காலைத் தொடுவதற்கு வெகுநேரம் ஆயிற்று.